ஸ்கூலில் பேசாத மகள், செல்போன் பிள்ளை, ரகசியம் காக்கும் கவுன்சிலர்: வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளுக்கான தெரபி பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் சொன்னதற்கு வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, பெயர்களை எடுத்துவிட்டு, சிலவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நிறையப் பேர் ‘டாக்டர்’ என்று விளித்திருக்கிறீர்கள். நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட்டின் வேலை, பரிசோதனையும் தெரபியும் என் வேலை. ‘கூட்டிப்போனாலே மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள்’ என்று பயந்து எழுதியிருக்கும் பாட்டிமார்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாது, தம்பியை அதட்டுவாள், டிவி விளம்பரத்தை அச்சுஅசலாகச் சொல்லிக் காட்டுவாள். ஆனால் ஸ்கூலில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்.கே.ஜி.யிலிருந்தே இப்படித்தான். மிஸ் ‘பிடிவாதம்’ என்கிறார், மாமியார் ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்கிறார். காத்திருக்கலாமா மேடம்?
– வாசகி, நாமக்கல்

வேண்டாம்மா, எல்.கே.ஜி.யிலிருந்து என்றால் ஏற்கெனவே போதுமான அளவு காத்திருந்தாயிற்று. புதிதாகப் பள்ளியில் சேர்ந்த முதல் ஒரு மாதம் பிள்ளை வாய் திறக்காமல் இருப்பதை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதற்கு மேலும் தொடர்ந்து, வீட்டில் சரளமாகப் பேசுகிற பிள்ளை பள்ளியில் மட்டும் ஊமையாகிவிட்டால் அதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். இது பதற்றம் சம்பந்தப்பட்டது, பிடிவாதம் இல்லை. பேசக் கூடாது என்று அவள் முடிவெடுத்து உட்கார்ந்திருக்கவில்லை, வார்த்தை தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. ‘பேசினாத்தான் டிபன் பாக்ஸ் தருவேன்’ மாதிரியான வைத்தியங்கள் பதற்றத்தைக் கூட்டும், பேச்சைக் கூட்டாது.

ஒரு விஷயம் உடனே விசாரியுங்கள்: பாத்ரூம் போக வேண்டும் என்று அவள் எப்படிக் கேட்கிறாள்? இந்தப் பிள்ளைகளில் பலர் கேட்க முடியாமல் நாலு மணி வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள், அதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மிஸ்ஸிடம் பேசி ஒரு அட்டையோ கை ஜாடையோ ஏற்பாடு செய்துவிடுங்கள், தெரபி தொடங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். காது கேட்கும் திறனையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் மட்டும் என்றால் சில மாதம் மௌனமாக இருப்பது எந்தப் பிள்ளைக்கும் நடக்கக்கூடியதுதான். தமிழில் பேசினால் ஃபைன் போடுகிற பள்ளியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த ஃபைன் சமாச்சாரத்தைப் பற்றி எனக்கு இருக்கும் கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

தெரபி எப்படி இருக்கும் என்று பயப்படாதீர்கள். பள்ளி ஒத்துழைத்தால், எல்லாரும் போன பிறகு காலி வகுப்பறையில் நீங்களும் மகளும் மட்டும் உட்கார்ந்து பாம்பு ஏணி விளையாடுவீர்கள். தாயக்கட்டையில் விழுந்ததை அவள் சத்தமாக எண்ண வேண்டும், அவ்வளவுதான். அது சகஜமான பிறகு மிஸ் வராண்டாவில் நடந்து போவார். அடுத்த தடவை கதவருகே நிற்பார். அப்புறம் மூலையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார், உங்கள் பக்கம் பார்க்கவே மாட்டார். பிறகு ஆட்டத்தில் சேருவார், அவர் உருட்டுவார், இவள் எண்ணுவாள். கடைசியில் நீங்கள் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போவீர்கள். ஒவ்வொரு படியும் அவள் தயாரான பிறகுதான், ஆகவே வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். முதல் வார்த்தை வந்ததும் ‘ஐ, பேசிட்டா!’ என்று யாரும் கை தட்டக் கூடாது என்பதை மட்டும் மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தக் கைத்தட்டலுக்கே பல பிள்ளைகள் திரும்பவும் மூடிக்கொண்டுவிடும்.

வீட்டுக்கு வரும் விருந்தாளி ‘பாப்பா பேரென்ன?’ என்று கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வராவிட்டால் ‘தோசையா, இட்லியா?’ மாதிரி ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக நீங்கள் மாற்றிக் கேளுங்கள்.

மகனுக்கு இரண்டரை வயது. அம்மா, தா, போ என்று நாலைந்து வார்த்தைதான். ‘அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். செல்போனால் வரும் விர்ச்சுவல் ஆட்டிசம் என்று வீடியோவில் பார்த்தேன். போனை நிறுத்தினால் போதுமா?
– வாசகி, திருப்பூர்

போனை நிறுத்துங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். விர்ச்சுவல் ஆட்டிசம் என்று மருத்துவப் புத்தகத்தில் ஒரு நோய் கிடையாது. போன் கையில் இருக்கும்போது பிள்ளையிடம் பேசுகிறவர்கள் குறைந்துபோகிறார்கள், அது பேச்சைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் ‘ஆறு மாசம் போனை எடுத்துவிட்டுப் பார்ப்போம்’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் மிக முக்கியமான ஆறு மாதத்தைத் தொலைக்கிறார்கள்.

அப்பா லேட்டாகப் பேசியது குடும்ப வரலாறு, அதைக் குறித்துக்கொள்வோம். அதுவே பதில் ஆகிவிடாது. ஒரு வயதில் மழலைச் சத்தமோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, இரண்டு வயதில் ‘பால் வேணும்’ மாதிரி சொந்தமாக இரண்டு வார்த்தை சேர்க்கவில்லை என்றால் போய்க் காட்டவேண்டியதுதான். எந்த வயதாக இருந்தாலும், பேசிக்கொண்டிருந்த வார்த்தையை விட்டுவிட்டால் அந்த வாரமே போக வேண்டும். முதலில் காது. சாமான் விழுந்தால் திரும்பிப் பார்க்கிறான் என்பதெல்லாம் போதாது, முறையான ஆடியோ பரிசோதனை வேண்டும். அப்புறம் ஒன்று கவனியுங்கள்: பேச்சு வராவிட்டாலும் பிள்ளை உங்களோடு சேருகிறானா? காக்காவைப் பார்த்தால் உங்களுக்கும் காட்டுகிறானா, கூப்பிட்டால் கண்ணைப் பார்க்கிறானா, பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறானா? இதெல்லாம் இருந்தால் ஸ்பீச் தெரபியோடு முடிய வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் ஆட்டிசத்துக்கான முழுப் பரிசோதனை தேவைப்படும்.

இதற்காகச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வந்தவை, பிறந்ததிலிருந்து 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். ஆட்டிசம் என்று உறுதியானால் ஸ்டெம்செல் ஊசி போட்டுக் குணமாக்குகிறோம் என்று யாராவது உங்களைத் தேடி வருவார்கள், லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. வீட்டை அடமானம் வைத்துவிடாதீர்கள்.

தெரபிக்குப் போனால் டி.சி.யில் எழுதிவிடுவார்களா? நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது பிரச்சினை வராதா?
– பெயர் வேண்டாம், சேலம்

எழுத மாட்டார்கள். நீங்கள் சொன்னால் ஒழிய பள்ளிக்குத் தெரியப் போவதே இல்லை. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி விவரத்தை ரகசியமாக வைப்பது எங்கள் கடமை. கற்றல் குறைபாடு இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும், நீங்களாகவே சான்றிதழ் வாங்கிப் பள்ளியில் கொடுக்கச் சொல்லுவேன். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் அதை வைத்துத்தான் கிடைக்கும். உங்கள் மகளுக்கு எட்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். வரனைப் பற்றி இப்போது என்ன அவசரம்?

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 34 வருடம் பிள்ளைகளைப் பார்த்தவன். எங்கள் காலத்தில் தெரபி ஏது? எல்லாப் பிள்ளைகளும் வளரத்தானே செய்தார்கள்? இப்போது எதற்கெடுத்தாலும் கவுன்சிலிங் என்பது ஃபேஷன் ஆகிவிட்டதோ?
– வாசகர், காரைக்குடி

ஐயா, எல்லாப் பிள்ளைகளும் வளர்ந்தார்கள் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க வராத பையன் ‘மக்கு’ என்று கடைசி பெஞ்சுக்குப் போனான், எட்டாவதோடு நின்று ஏதாவது பட்டறையில் சேர்ந்தான். அவனை உங்களுக்கும் நினைவிருக்கும். அவனுக்கு டிஸ்லெக்ஸியா இருந்ததா என்று பார்க்க அன்றைக்கு ஆள் இல்லை.

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தம்பி பிறந்த பிறகு அடம்பிடிக்கிற நாலு வயதுப் பிள்ளையை, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் தூக்கம் வராத பையனையெல்லாம் என்னிடம் கூட்டிவருகிறார்கள். பெற்றோரிடம் பேசிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். நான் முதலில் பார்ப்பது பிள்ளை வினோதமாக ஏதாவது செய்கிறதா என்பதை அல்ல, செய்துகொண்டிருந்த எதை விட்டுவிட்டது என்பதைத்தான். சாப்பாடு, தூக்கம், பள்ளி, விளையாட்டு, சிநேகிதர்கள். நேற்றுவரை சைக்கிள் ஓட்டப் போனவன் வாசலுக்கே வருவதில்லை என்றால் எனக்கு அது முக்கியம். வீட்டில் ஒரு மாற்றம் நடந்து இரண்டு மூன்று வாரம் ஆட்டம் காண்பது சகஜம், மாதம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் வரலாம். வீட்டில் மட்டுமா, பள்ளியிலும் பாட்டி வீட்டிலும்கூடவா என்று கேட்பேன். ஒரே இடத்தில் மட்டும் என்றால் பிள்ளையைவிட அந்த இடத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை காலை வயிற்றுவலி, சனிக்கிழமை துள்ளல் என்று வருகிற பிள்ளைகள் நடிப்பதில்லை. வலி நிஜம்தான், காரணம் வயிற்றில் இல்லை. ஸ்கூல் வேனின் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பையன்கூடக் காரணமாக இருப்பான்.

மாதக்கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே வரவேண்டியவை சில உண்டு. செத்துப்போகணும் என்று பேசுவது, கையைக் கீறிக்கொள்வது, குறிப்பிட்ட ஒரு ஆளைப் பார்த்தாலே திடீரென்று ஒடுங்குவது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சோ செய்கையோ. இவற்றில் ‘பார்ப்போம்’ என்பதே கூடாது.

ஏழு வயது மகனுக்குக் கோபம் அதிகம், சாமான்களை வீசுகிறான். வாரம் ஒரு தடவை 45 நிமிடம் தெரபி, நாலு தடவை போயாயிற்று. உள்ளே பொம்மை வைத்து விளையாடுகிறார்களாம். தடவைக்கு 1,200 ரூபாய். இந்த விளையாட்டை வீட்டில் நான் விளையாட மாட்டேனா?
– வாசகர், ஆவடி

கேட்கவேண்டிய கேள்விதான் சார். அதை அந்தத் தெரபிஸ்ட்டிடமே கேட்டிருக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு ஆள் பாருங்கள்.

ஏழு வயதுப் பையனிடம் ‘உனக்கு ஏன் கோபம் வருது?’ என்று கேட்டால் ‘தெரியல’ என்பான். பொய் இல்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. பொம்மை வீட்டைக் கொடுத்தால், குட்டிப் பொம்மையை பாத்ரூமில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அப்பா பொம்மையைக் கட்டில் மேல் நிறுத்தி அரை மணி நேரம் கத்தவிடுவான். தெரபிஸ்ட் அங்கே ‘அப்படிச் செய்யாதே’ என்று சொல்ல மாட்டார், ‘குட்டி உள்ளேயே இருக்கா, வெளிய சத்தமா இருக்கு’ என்று கூடவே சொல்லிக்கொண்டு வருவார். வீட்டில் நாம் விளையாடினால் இரண்டாவது நிமிடத்தில் கலர் பெயர் கேட்க ஆரம்பித்துவிடுவோம், வித்தியாசம் அங்கேதான்.

அதேசமயம் உங்கள் சந்தேகத்தில் ஒரு சரியான புள்ளியும் இருக்கிறது. இந்த வயதில் கோபம், சொல் பேச்சு கேளாமை இவற்றுக்கு நன்றாக வேலை செய்வதாக ஆய்வுகள் காட்டியிருப்பது பெற்றோருக்கான பயிற்சிதான். நாலு தடவையில் உங்களையும் மனைவியையும் உள்ளே கூப்பிட்டு ஒரு தடவைகூடப் பேசவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: என்ன மாறணும் என்று வைத்திருக்கிறீர்கள், மாறியதை எப்படித் தெரிந்துகொள்வது, வீட்டில் நாங்கள் என்ன செய்யணும்? அவருடைய ஆர்.சி.ஐ. பதிவு எண்ணையும் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் இவர்களெல்லாம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். ஆன்லைனில் மூன்று மாத டிப்ளமோ முடித்துவிட்டுப் போர்டு மாட்டுகிறவர்கள் பெருகிவிட்ட காலம், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நாலு தடவையில் கோபம் போகாது, பத்துப் பன்னிரண்டு தடவைக்குள் ஏதாவது அசைவு தெரிய வேண்டும். இதற்கிடையில் தினமும் பத்து நிமிடம், போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, அவன் சொல்கிற விளையாட்டை அவன் சொல்கிற மாதிரி விளையாடுங்கள். பாடம், அறிவுரை, கேள்வி மூன்றும் கிடையாது. இன்னொன்று, வீட்டில் அடி உண்டா? கடிதத்தில் எழுதவில்லை. உண்டென்றால் அதை முதலில் நிறுத்த வேண்டும்.

என் மகன் மூன்று மாதம் முன்பு பைக் விபத்தில் இறந்துவிட்டான். பேரனுக்கு ஏழு வயது. அப்பா துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறோம். பிள்ளை அழவே இல்லை, விளையாடுகிறான். ஆனால் இப்போது ராத்திரி படுக்கையில் சிறுநீர் போகிறான். மனநல டாக்டரிடம் காட்டவேண்டுமா அம்மா?
– தாத்தா, திருவாரூர்

ஐயா, உங்கள் துக்கத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மகனையும் இழந்து, பேரனையும் தாங்குகிறீர்கள்.

இப்போதைக்குத் தெரபி தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். அவனுக்கு உண்மை தேவைப்படுகிறது. வீட்டில் மகனின் போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருக்கிறீர்களா? அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். ஏழு வயதில் மாலை போட்ட போட்டோ என்றால் என்னவென்று தெரியும், பள்ளியிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்டால் அம்மா அழுவாள் என்று அவன் உங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறான். அழாததும் விளையாடுவதும் பாசம் இல்லாததால் அல்ல. இந்த வயதில் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும், ஐந்து நிமிடம் அழுதுவிட்டு அடுத்து கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அவன் அம்மாவும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, நேராகச் சொல்லுங்கள். ‘அப்பா துபாய் போகலப்பா. பைக்ல அடிபட்டு செத்துப்போயிட்டார். எங்களுக்குச் சொல்லத் தெரியாம அப்படிச் சொல்லிட்டோம்.’ தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லாதீர்கள், சில பிள்ளைகள் தூங்கவே பயப்படும். செத்துப்போனால் உடம்பு வேலை செய்யாது, வலிக்காது, பசிக்காது, திரும்பி வர முடியாது என்று சொல்லுங்கள். சாமியிடம் இருக்கிறார் என்பது உங்கள் நம்பிக்கை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லலாம், ஆனால் இதைச் சொன்ன பிறகு. கண்டிப்பாகச் சொல்லவேண்டியது, ‘உன் மேல எந்தத் தப்பும் இல்ல’ என்பது. அன்றைக்குப் பரோட்டா வாங்கி வரச் சொன்னதால்தான் அப்பா வெளியே போனார் என்று வருடக்கணக்கில் மனசுக்குள் வைத்திருக்கிற பிள்ளைகள் உண்டு. நீங்கள் அழுதால் பரவாயில்லை. அவன் அதே கேள்வியை நாளைக்கும் கேட்பான், அதே பதிலையே சொல்லுங்கள். வருஷத் திதி வரும்போது அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

படுக்கை நனைவதற்கு முதலில் குழந்தை டாக்டரிடம் சிறுநீரும் சர்க்கரையும் பாருங்கள். நல்லபடியாக இருந்த பிள்ளை திரும்ப நனைத்தால் உடம்புக் காரணத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். திட்டாதீர்கள். உண்மையைச் சொல்லி இரண்டு மூன்று மாதமான பிறகும் நனைவது குறையவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறான், விளையாட்டை விட்டுவிட்டான் என்றால் கூட்டிவாருங்கள். ‘நானும் அப்பாகிட்ட போறேன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அன்றைக்கே. மருமகள் எப்படி இருக்கிறார்? அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா? முதலில் ஆலோசனை தேவைப்படுவது அவருக்காக இருக்கலாம்.

பத்தாவது படிக்கிற என் மகளை கவுன்சிலரிடம் அனுப்புகிறேன். உள்ளே என்ன பேசினாள் என்று கேட்டால் ‘அது அவளுக்கும் எனக்கும் இடையில்’ என்கிறார். பணம் கட்டுவது நான், பெற்றது நான். எனக்கு உரிமை இல்லையா?
– வாசகி, கோவை

உரிமை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் இல்லை. தெரபி எந்தத் திசையில் போகிறது, நீங்கள் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல அவர் கடமைப்பட்டவர். யாரைப் பிடிக்கும், உங்களைப் பற்றி என்ன சொன்னாள் என்பதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அவள் ‘எல்லாம் ஓகே மேம்’ என்று 45 நிமிடமும் உட்கார்ந்துவிட்டு வருவாள், உங்கள் பணம் அப்போதுதான் வீண்.

ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவர் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும், இதை மகளிடமும் முதல் நாளே சொல்லியிருப்பார். பாலியல் அத்துமீறல் என்றால் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும், கவுன்சிலருக்கும் விலக்கு இல்லை. எனவே அவர் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்றால் அதில் கொஞ்சம் நிம்மதியும் இருக்கிறது. காரில் திரும்பி வரும்போது ‘என்ன கேட்டாங்க, என்ன சொன்ன’ என்று தொடங்காமல், பசிக்குதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஆள் கிடையாது. 1,200 ரூபாய் என்பது எனக்கு மூன்று நாள் கூலி. நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, சங்கரன்கோவில் அருகே

முதலில் 14416-க்கு போன் போடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு சேவை, 2022-லிருந்து நடக்கிறது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பிள்ளைக்கு யாராவது கெடுதல் செய்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் 1098. நேரில் காட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. பேச்சு, வளர்ச்சி சம்பந்தப்பட்டதென்றால் மேலே சொன்ன டி.இ.ஐ.சி. மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, பலவகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் கூட்டம் இருக்கும், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் போகும்போது தடுப்பூசி அட்டை, பிள்ளையின் பள்ளி நோட்டு ஒன்று, எப்போதிலிருந்து என்ன நடக்கிறது என்று எழுதிய ஒரு தாள் எடுத்துப்போங்கள். பிள்ளை என்ன செய்கிறான் என்று வாயால் விளக்குவதைவிட போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக் காட்டிவிடுவது வேகம். அடுத்து எந்தக் கிழமை வரணும், யாரைக் கேட்கணும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.